பழைய ஸ்டீரியோப் பெட்டி: வைத்திருப்பதா, கழித்துவிடுவதா?

ஊவா மலைநாட்டிலே பதுளை, பசறை, ஹாலி எல, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், துரைமார் பங்களாக்களிலும் உத்தியோகத்தர் விடுதிகளிலும் ஒரு காலத்தில் வீற்றிருந்த பாட்டுப் பெட்டிகள் பல இன்று அலுமாரிகளின் மேலும் கட்டில்களின் கீழும் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றை என்செய்வது என்னும் வினா எம் பழைய மாணவர் பலருடைய வீடுகளில் எழுந்திருக்கின்றது. தந்தையார் காலஞ்சென்றபின் வீட்டை ஒழுங்குசெய்யும் பிள்ளைகளுள் ஒருவர், பழைய இரும்பு வாங்குபவனை அழைத்து நிறையிட்டுக் கொடுத்துவிடுகின்றார். மற்றொருவர் அதனைத் துடைத்துப் பூவேலைத் துணி போர்த்து, ஒருநாளேனும் மின்சாரம் கொடுத்துப் பாராது, பூசைப்பொருள்போலக் காத்துவருகின்றார். இருவரும் பெட்டியை ஆராய்ந்தாரல்லர். அத்தகைய பெட்டியொன்று எமது கல்லூரிக்கும் வந்து சேர்ந்து, அதனை என்செய்வதென ஆசிரியர் அறையில் வாதமும் நிகழ்ந்தமையால், யாம் கேட்டும் கற்றும் கண்டும் அறிந்தவற்றை ஈண்டு எழுதலானோம்.

முதலிற் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம்; தமிழாசிரியர்க்கு அஃது இயல்பு. கோயில் திருவிழாவிலே மரத்திற் கட்டப்படும் குழாயையும் ஒலிபெருக்கி என்கின்றோம். வீட்டிலே மரப்பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரையும் ஒலிபெருக்கி என்கின்றோம். இவ்விரண்டுக்கும் முன்னே நின்று, ஊசியிலிருந்தோ வானொலியிலிருந்தோ வரும் நலிந்த மின்குறியை வலுப்படுத்தி அனுப்பும் அம்பிளிபயரையும் சிலர் அப்பெயராலேயே வழங்குகின்றனர். இலங்கைப் பாடநூல்கள் அம்பிளிபயரை விரியலாக்கி என்றன. நாவிற்கு எளிதில் வராத சொல்லேயாயினும், பொருள் மயங்காமைக்காக யாமும் இக்கட்டுரையில் விரியலாக்கி என்றே சொல்வோம். ஒலியாகக் காற்றிற் கலக்கச் செய்யும் கருவியே ஒலிபெருக்கி. ஸ்டீரியோ விரியலாக்கி எனப்படுவது, ஒரே பெட்டிக்குள் இடத்துக்கொன்றும் வலத்துக்கொன்றுமாக ஒத்த அமைப்புடைய இரண்டு விரியலாக்கிகள் அடங்கியது. இவ்விரட்டைத்தன்மை பின்னர்ப் பழுது காண்பதற்குப் பேருதவியாகும். அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

இப்பெட்டிகள் எவ்வாறு இம்மலைகளுக்கு வந்தன? கொழும்பிலே 1925 டிசெம்பரில் வானொலி முறையாகத் தொடங்கிற்று. 1949 இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950 இல் அதன் வர்த்தக சேவை பிறந்தது. அவ்வாண்டிலேயே லக்சபான நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னரே பல தோட்டங்கள் தத்தம் அருவிகளில் உருளை பொருத்தித் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் மின்சாரம் எடுத்திருந்தன. ஆனால் அக்கம்பி லயங்களை எட்டவில்லை; லயக் காம்பராக்களுக்கு மின்சாரம் மிகப் பிந்தியே வந்தது. ஆகவே தொழிலாளர் குடும்பத்தார் கேட்ட வானொலி உலர்மின்கலத்தில் இயங்கிய சிறு பெட்டியே. கூரையிலிருந்து சவுக்கு மரத்துக்கு இழுத்த கம்பியும், மின்கலம் தீரும் மாதக்கடைசியும் பலர்க்கு இன்னும் நினைவிலிருக்கும். கோயிற் குழாயிலே கேட்ட பாட்டு மற்றொன்று. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஸ்டீரியோ விரியலாக்கி, அக்காலத்தில் பங்களாவிலும் பெரிய கிளாக்கர், டீமேக்கர் முதலானோரின் விடுதிகளிலும் நகரத்து வசதியுள்ள வீடுகளிலுமே இருந்திருக்கக்கூடும். இதனை மறந்து, பழைய ஸ்டீரியோப் பெட்டி அனைத்தையும் ‘எம்மவரின் பழம் பண்பாடு’ என்று புகழ்வது பொருந்தாது.

ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் கடைக்கு வந்தது 1958 இலே. அதன்பின் பிரித்தானிய நிறுவனங்கள் செய்த பெட்டிகளைத் துரைமார் தருவித்தனர். கார்ரார்ட் தட்டுச்சுழலி பொருத்திய மரப்பேழைகளும், லீக், குவாட் போன்ற நிறுவனங்களின் தனி விரியலாக்கிகளும் அக்காலத்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தமையால் புதிய பெட்டி கிடைப்பது அரிதாயிற்று. பழையதைத் திருத்தித் திருத்திப் பாவித்தனர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகித் துரைமார் வெளியேறியபோது, அவர்தம் பங்களாச் சாமான்கள் பல உத்தியோகத்தர் கைக்கு மாறின. 1977 இறுதியில் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் யப்பானியப் பெட்டிகள் கடைகளை நிறைத்தன; மத்திய கிழக்கிலே தொழில் புரிந்து திரும்பியோரும் கசெற் பெட்டிகளைத் தோளிற் சுமந்து வந்தனர். எனவே இன்று எமது வீடுகளிற் கிடைக்கும் விரியலாக்கி பெரும்பாலும் இவ்விரு தலைமுறைகளுள் ஒன்றைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

வந்தவை எல்லாம் தங்கினவல்ல. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன்பின் இருபதாண்டுக் காலமாகக் குடும்பங்கள் இம்மலைகளை விட்டு இறங்கின. பதுளையிற் புகைவண்டியேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்குமாகச் சென்றோர் பாரமான பொருள்களைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டே சென்றனர். 1983 யூலையிற் பதுளை நகரம் எரிந்தபோது எரிந்துபோன கடைகளோடும் வீடுகளோடும் இசைத்தட்டுக்கள் எத்தனை அழிந்தன என்று கணக்கிட்டாரில்லை. இவ்விரண்டையும் தப்பி ஒரு பெட்டி எஞ்சியிருப்பின், அதனைக் கழிக்குமுன் ஒருமுறை திறந்து பார்ப்பது தகும்.

இனி எமது கல்லூரிக்கு வந்த பெட்டியைப்பற்றிச் சிறிது. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பெரிய கிளாக்கராயிருந்த ஒருவரின் குடும்பத்தார், அவர் காலமானபின் அதனைக் கொணர்ந்து தந்தனர். இங்கிலாந்திலே 1960களிற் செய்யப்பட்டது. நாடு திரும்பிய துரையிடமிருந்து அவர் வாங்கியது. அதனுடன் இரண்டு மர ஒலிபெருக்கிகளும், தட்டுச்சுழலியொன்றும், எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டுக்கள் நிறைந்த தகரப்பெட்டியும், ஐந்து சுருள் ஒலிநாடாக்களும் வந்தன. நாடாவின் அட்டையொன்றிலே ‘காமன் கூத்து’ என்று மையினால் எழுதப்பட்டுள்ளது. மாசி மாதத்திலே தப்பு முழங்க இரதியும் மதனும் ஆடிவரும் அக்கூத்தை ஆடியோர், நாடா பதிவான சில ஆண்டுகளிலே இந்தியாவுக்குப் போய்விட்டனர் என்று குடும்பத்தார் கூறினர். கலையரங்கின் பின்னறையை வெறுமையாக்க வேண்டியிருந்தமையால், அனைத்தையும் ஒருங்கே கழித்துவிடலாம் என்றனர் சிலர். துரை கேட்டுக் கழித்த பெட்டி எமக்கேன் என்றனர் வேறு சிலர். பின்னவர் கூற்றில் உணர்ச்சி இருந்தது. ஆயினும் அப்பெட்டியைத் துரை வைத்திருந்தது சில ஆண்டுகளே; கிளாக்கர் ஐயா அதனை விடுதி விறாந்தையில் லயத்தை நோக்கி வைத்துத் திருவிழா இரவுகளிற் பாட்டுப் போட்டமை பல ஆண்டுகள். தட்டுக்களைப் பார்த்தபோதும் அது தெரிந்தது. ஆங்கிலத் தட்டுக்கள் பளபளவென்றிருந்தன; தியாகராஜ பாகவதர், கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் தட்டுக்கள் மங்கியிருந்தன, டி. என். இராசரத்தினம்பிள்ளையின் நாகசுரத் தட்டோ கீறல் வெளிறித் தேய்ந்திருந்தது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை விலக்குதல் வேண்டும். நாடாக்களைக் காப்பதற்கும் விரியலாக்கியைக் காப்பதற்கும் தொடர்பில்லை. நாடாவை வாசிப்பது நாடாப்பொறியேயன்றி விரியலாக்கியன்று. நல்ல நிலையிலுள்ள பொறியொன்றிலே ஓட்டி எண்ணிமப் பதிவாக மாற்றிவிட்டால், அக்குரல்களைக் கைத்தொலைபேசியிலும் கேட்கலாம். நாடா காத்திருக்காது. அசிற்றேற்றுத் தளத்திற் செய்த பழைய நாடா சிதையுங்கால் வினாகிரி மணம் வீசும், சுருங்கும், உடையும். ஆதலால் பெட்டியைப்பற்றிய வாதம் முடியுமட்டும் நாடாவை நிறுத்திவைத்தல் ஆகாது. 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் ஈழத்து எழுத்துக்களோடு மலையக ஆவணங்களையும் சேகரித்து வருகின்றனர். அத்தகையோரின் உதவியை நாடுவதே முதற்பணி. நாடாக்களை வேறாக்கியபின்னரே விரியலாக்கியைத் தன் தகுதிக்காக எடைபோட இயலும்.

அதன் தகுதி யாது? ‘ஸ்டீரியோவிலே பழைய இலங்கை வானொலியைக் கேட்பது போலாகுமா’ என்று நெகிழ்வோர் உளர். அவர்கள் இளமையிற் கேட்ட இலங்கை வானொலி ஸ்டீரியோவன்று. ஒற்றைத்தடத்தில், மத்திய அலையிலும் சிற்றலையிலும் வந்தது. எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டுக்களும் ஒற்றைத்தடமே. ஒரே கீறலில் இருதட ஒலியைப் பொறிக்கும் வழியை இங்கிலாந்துப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931 இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அது கடைக்கு வரக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. தமிழ்த் திரைப்பாடல்களோ இன்னும் பிந்தியே அவ்வழிக்கு வந்தன. இளையராஜா இசையமைத்த ‘பிரியா’ (1978) ஸ்டீரியோவிற் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப்படமெனப் பெயர்பெற்றது. ஆகவே எம் பெரியோர் விரும்பிய பாடல்களுள் மிகப் பலவற்றை இரண்டு ஒலிபெருக்கிகளிற் கேட்டாலும் ஒரே ஒலிதான் இரண்டிலும் வரும்.

அங்ஙனமாயின் ஸ்டீரியோ விரியலாக்கியால் பயனென்ன என்பீராயின், அதன் பயன் நாம் எதிர்பாராத ஓரிடத்தில் இருக்கின்றது. பழைய பெட்டிகளின் முகப்பிலே ‘மோனோ’ என்று குறித்த ஆளியொன்று காணப்படும். ஒற்றைத்தடத் தட்டின் கீறல் பக்கவாட்டில் மட்டுமே அசையும். ஸ்டீரியோ ஊசியோ மேல்கீழ் அசைவையும் உணரும். தட்டிலுள்ள தூசும் தேய்வும் ஊசியை மேலுங் கீழும் உதறுவதால் வரும் இரைச்சல், இரண்டு தடங்களிலும் எதிர்மாறாகத் தோன்றும். ஆளியைத் திருப்பி இருதடங்களையும் ஒன்றுகூட்டின், பாட்டு நிலைத்திருக்க அவ்விரைச்சலின் பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துவிடும். அந்நாகசுரத் தட்டுக்கு இது மருந்தேயாம். இன்றைய சிறு பெட்டிகளுட் பலவற்றில் அவ்வாளி இல்லை. உருள்முழக்கத்தையும் கீறல் ஒலியையும் வடிக்கும் வடிகளும் பழையவற்றில் உண்டு. இசைத்தட்டுக்கென்றே அமைந்த உள்ளீடும் உண்டு. காந்த ஊசித்தலை தருவது சில மில்லிவோல்ற்று மட்டுமே. அன்றியும் தட்டைப் பொறிக்கும்போது கீழ்ச்சுருதி ஒலியைக் குறைத்தும் மேற்சுருதி ஒலியை மிகுத்தும் பொறிப்பர். அதனை மீளச் சமன்செய்யும் சுற்று அவ்வுள்ளீட்டினுள்ளே இருக்கின்றது. 1954 இற்குப் பின் அச்சமனாக்கத்துக்குப் பொதுவிதி வந்தது. கைத்தொலைபேசியை அவ்வுள்ளீட்டிற் செருகுதல் தகாது; அதற்கு ‘ரேடியோ’, ‘டேப்’, ‘ஓக்ஸ்’ எனக் குறித்த துளைகள் வேறுள. எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டுக்கு அகன்ற ஊசியும் வேண்டும்; நெடுந்தட்டின் நுண்ணூசி அகன்ற கீறலின் அடியிற் புரண்டு இரைச்சலையே எழுப்பும்.

பயன் உண்டென்று கண்டபின், உயிர் உண்டோ என்று காணல் வேண்டும். இங்கே அவசரமே முதற்பகை. பல ஆண்டு கிடந்த பெட்டியை மின்சாரத்திற் செருகிப் பார்ப்பதே பலர் செய்யும் முதற்காரியம். அதனாலே உயிரோடிருந்த பெட்டியும் அன்றே மாண்டுபோதல் உண்டு. முதலில் மூடியைக் கழற்றி மூக்கால் ஆராய்க. எரிந்த பிசின் நாற்றம் நிலைமாற்றி கருகியமைக்கு அறிகுறி. எமது வீடுகளிற் கரப்பானும் பல்லியும் இப்பெட்டிகளைக் குடியிருப்பாகக் கொள்வதால், உள்ளே காய்ந்த பல்லி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கிடப்பது புதுமையன்று. பின்புறத்து அழுத்தத் தெரிவியைப் பார்க்க. 110 இல் இருக்குமாயின் எமது 230 வோல்ற்று மின்சாரம் அதனைப் பொசுக்கிவிடும். உருகியைக் கழற்றிப் பார்த்தல் கட்டாயம். பழைய நாளில் உருகி கிடைக்காதபோது சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைத்தனர். அத்தாள் எதற்கும் உருகாது, பெட்டியே உருகும். 1970 இற்கு முந்திய பிரித்தானிய வடங்களில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை புவி. இன்றைய கபிலம், நீலம், பச்சை–மஞ்சள் முறையை மட்டும் அறிந்த இளையோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். இறப்பர் உறை வெடித்த வடத்தைச் சிந்தியாது மாற்றிவிடுக.

அதன்பின் மின்சாரம், அதுவும் நேரே அன்று. அறுபது உவாற்று இழைக்குமிழ் ஒன்றைப் பெட்டிக்குத் தொடராக இணைத்து அதனூடாகக் கொடுத்தல் பழைய ரேடியோ பாஸ்மார் கைக்கொண்ட முறை. குமிழ் முதலிற் பளிச்சிட்டுப் பின் மங்கினால் பெட்டியினுள்ளே பெரும்பழுதில்லை. மங்காது முழு ஒளியோடு நின்றால் உள்ளே குறுக்குச்சுற்று உண்டு, உடனே நிறுத்துக. மிகுதியான ஓட்டத்தைக் குமிழே தடுத்துக்கொள்வதால் பெட்டி காப்பாற்றப்படும். இன்று கடையிற் கிடைக்கும் எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது. பழைய இழைக்குமிழே வேண்டும்.

இவ்வளவு பக்குவம் எதற்கென்றால், கொள்ளளவிகளுக்காக. மின்வழங்கியிலுள்ள பெரிய உருளைக் கொள்ளளவியினுள்ளே அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டு; அப்படலமே காவல். ஆண்டுக்கணக்கில் மின்னழுத்தம் இன்றிக் கிடந்தால் படலம் நலியும். ஈரப்பசையான மின்பகுபொருளும் உலரும். திடீரென முழு அழுத்தம் கொடுப்பின் ஓட்டம் கசிந்து சூடேறி, கொள்ளளவி வீங்கி வெடித்தலும் கூடும். அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் படலம் தானே மீண்டும் வளரும். பெட்டி பாடும்போது அடியிலே ‘ம்ம்’ என்று இடையறாத முரல்வு கேட்குமாயின், அஃது எமது ஐம்பது சுற்று மின்சாரம் சீராக்கப்படும்போது எழும் நூறு சுற்று அதிர்வு. உலர்ந்த கொள்ளளவி அதனை வடிக்கமாட்டாமையால் வருவது. கொள்ளளவி மாற்றுதல் பெருஞ்செலவன்று. முரல்வுக்காகப் பெட்டியைக் கழித்தல், இருமலுக்காக ஆளையே கழிப்பதை ஒக்கும்.

நல்ல ஒலிபெருக்கியை உடனே இணையற்க. முதலில் பல்மானியை ஒலிபெருக்கி முனைகளில் வைத்து நேரோட்ட அழுத்தத்தை அளக்க வேண்டும். ஐம்பது மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால் அச்சமில்லை. பலமடங்கு மிகுந்திருப்பின் ஒலிபெருக்கியின் சுருள் கருகும். பின்னர், கெட்டாலும் வருந்தாத ஒரு மலிவான ஒலிபெருக்கியை வைத்துச் சோதிக்க. திருகுகளைத் திருப்புந்தோறும் கரகரவெனில் அது கரித்தடத்தின் அழுக்கே. துப்புரவுத் தெளிநீர் சிறிது விட்டு இருபது முறை திருகினாற் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இனி, முன் சொன்ன இரட்டைத்தன்மையின் பயன். ஒரு பக்கம் ஊமையாயின் உள்ளீட்டு வடங்களை இடம்வலம் மாற்றிச் செருகுக. ஊமை மறுபக்கம் பெயர்ந்தால் குற்றம் ஊசியிலோ வடத்திலோ உள்ளது. பெயராது நின்றால் ஒலிபெருக்கிகளை மாற்றுக. அப்பொழுது பெயர்ந்தால் குற்றம் ஒலிபெருக்கியினது; அப்போதும் பெயரவில்லையாயின் குற்றம் விரியலாக்கியினுள்ளேயே. அதன்பின் திருத்துபவர் நல்ல பக்கத்தின் ஒவ்வொரு முனையிலும் அழுத்தத்தை அளந்து, கெட்ட பக்கத்தின் அதே முனையோடு ஒப்புநோக்குவார். எங்கே வேறுபடுகின்றதோ அங்கே நோய். சுற்றுப்படம் கிடையாத பெட்டியையும் இவ்வாறு திருத்தலாம். ஒற்றைத்தடப் பெட்டிக்கு இந்த வாய்ப்பில்லை.

திருத்துதல் எளிதோ அரிதோ என்பது பெட்டியின் வகையைப் பொறுத்தது. வால்வுப் பெட்டிகள் வயதால் மூத்தவையாயினும் மருத்துவத்துக்கு இணங்குவன. 1958 இல் வந்த லீக் ஸ்டீரியோ 20 என்பதை எடுத்துக்கொண்டால், அதன் வெளியீட்டில் நிற்கும் ஈ.எல். 84 வால்வு நான்கும் இன்றும் புதிதாகச் செய்யப்படும் வகையின. ஆனால் அவற்றினுள்ளே முந்நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. செருகியைக் கழற்றியபின்னும் கொள்ளளவியில் அது தங்கியிருந்து உயிரைக் கொள்ளும். மாணவர் இதிற் கைவைத்தல் கூடவே கூடாது. ஒலிபெருக்கி இணைக்காது வால்வுப் பெட்டியை இயக்குவதும் அதன் வெளியீட்டு நிலைமாற்றிக்குக் கேடு. திரான்சிற்றர்ப் பெட்டிக்கோ இதற்கு மாறாக, ஒலிபெருக்கிக் கம்பிகள் ஒன்றோடொன்று தொடுவதே ஆபத்து.

1963 இல் லீக் ஸ்டீரியோ 30 வந்தது முதல் சில ஆண்டுக்காலத்துப் பிரித்தானியத் திரான்சிற்றர்ப் பெட்டிகளில் ஜேர்மானியத் திரான்சிற்றர்கள் இருந்தன. வருத்தம் தருவன இவையே. ஜேர்மானியம் சூட்டைப் பொறாது, வயதேறக் கசியும், ஒத்த இணை இன்று அருமை. சிலிக்கன் திரான்சிற்றரை வைக்கலாமெனின், முன்னது ஏறக்குறைய 0.2 அல்லது 0.3 வோல்ற்றிலே விழிக்கும், பின்னதற்கு 0.6 வேண்டும், ஆதலால் தடையிகளையும் மாற்றியமைத்தல் வேண்டும். 1967 இல் வந்த குவாட் 303 போன்ற சிலிக்கன் பெட்டிகள் இத்தொல்லை அற்றவை, தனித்தனி உறுப்புக்களால் ஆனவை, வைத்திருக்கத் தக்கவை. 1977 இற்குப் பின் வந்த யப்பானியப் பெட்டிகள் இருவகை. தனித் திரான்சிற்றர்களால் ஆனவை எளிதில் திருந்தும். வெளியீடு முழுவதும் ‘எஸ்.ரி.கே.’ எனத் தொடங்கும் ஒரே கறுப்புத் துண்டில் அடங்கியவையாயின், அத்துண்டு போனால் மெய்யானது கிடைப்பது அரிது, போலிகள் மலிவு. கழிப்பதாயின் இவ்வகையே முதலிற் கழிபடும். பெட்டியின் முகத்திலே ஆயிரம் உவாற்று, ஈராயிரம் உவாற்று என்று பொன்னெழுத்திற் பொறித்த கசெற் பெட்டிகளைக் கண்டு மயங்கற்க. அது கணப்பொழுதுக் கற்பனைக் கணக்கு. பக்கத்துக்குப் பத்து உவாற்று மெய்யாயிருந்தால் ஒரு வீட்டு விறாந்தைக்குத் தாராளம். வலு இருமடங்கானாலும் செவிக்கு மூன்று தெசிபெல்லே கூடும்.

எமது காலநிலையையும் கருதவேண்டும். ஒக்டோபர் முதல் சனவரி வரை ஊவாவின் மழையும் மூடுபனியும் உலோகத் தொடுகைகளைக் கறுப்பாக்கும். ஒலிபெருக்கியின் தாட்கூம்பிற் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். அலுமாரிக்குட் பூட்டிவைத்தல் காப்பன்று; கிழமைக்கொருமுறை அரைமணி நேரம் பாடவிட்டால் உள்ளெழும் சூடே ஈரத்தை ஓட்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமுழங்கும்போது செருகியைக் கழற்றிவிடுக. பெட்டியைத் திறந்து வேலை செய்வதற்கு உகந்த காலம் யூலை முதல் செத்தெம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சிகரங்களுக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு எமது சரிவிலே வரண்டு வீசும் காலம் அது. ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருவதும் அக்காற்றே.

எமது பெட்டியின் கதி யாதாயிற்று எனின், தொடர்குமிழ் மெல்ல மங்கிற்று, இடப்பக்கம் முரல்வோடு பாடிற்று, வலப்பக்கம் ஊமை. வடங்களை மாற்றியும் ஊமை பெயரவில்லை. விஞ்ஞான ஆசிரியரும், பதுளை நகரிலே முதுமையிலும் தொழிலைக் கைவிடாத ரேடியோ பாஸ் ஒருவரும் பக்கங்களை ஒப்புநோக்கி அளந்ததில், வலப்பக்க வெளியீட்டின் ஜேர்மானியத் திரான்சிற்றர் ஒன்று கெட்டமை புலனாயிற்று. இரண்டு பக்கங்களுக்கும் சிலிக்கன் இணைகள் இட்டுத் தடையிகளை மாற்றலாம் என்றார் பாஸ். அவ்வாறு செய்தால் பெட்டி தன் மூலத்தன்மையை இழக்கும், சேகரிப்போர் மத்தியில் மதிப்புக் குறையும் என்று ஒருவர் கடிதம் எழுதினார். யாம் அதற்கு உடன்படவில்லை. விற்கப்போவோர்க்கு அக்கவலை தகும்; கேட்கப்போவோர்க்கு அன்று. செலவுக்கு எல்லையொன்றும் குறித்துக்கொண்டோம்: இசைத்தட்டு உள்ளீடுள்ள புதிய சிறு விரியலாக்கியின் விலையை அச்செலவு மீறுமாயின், பெட்டியை உறுப்புக்களுக்காகப் பாஸிடமே கொடுத்துவிட்டுப் புதியதை வாங்குவது. பாஸ் எழுதித்தந்த மதிப்பீடு அவ்வெல்லைக்குப் பாதியளவில் நின்றது. ஆதலால் வைத்திருப்பதென முடிவாயிற்று.

நாடாக்கள் ஐந்தும் எண்ணிமப் பதிவுக்காக முன்னரே அனுப்பப்பட்டுவிட்டன. பெட்டியைத் திறக்கும் வேலை யூலைக் காற்றுக்கு வைக்கப்பட்டுள்ளது. கழற்றப்படும் ஜேர்மானியத் திரான்சிற்றர் நான்கும், மாற்றப்படும் தடையிகளும், எது எங்கிருந்தது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாளும் ஒரு கடித உறையிலிடப்பட்டுப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தே ஒட்டப்படும். பின்னொருநாள் யாரேனும் அதனைத் திறப்பார்.